அம்மா எந்தக் கையாலே முற்றம் கூட்டினா?

(எங்கள் சங்கத்தின் வாணிவிழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



நான் மேடையில் பேசிப் பழகினவன் அல்ல. இத்தனை வருஷமாய் இந்தச் சங்கத்திலே என்னுடைய வேலை கதிரை அடுக்கிறதும் கதிரை மடிக்கிறதும்தான். போன மாதம் செயலாளர் என் வீட்டுக்கு வந்தவர். மேசையிலே கிடந்த சாமான்களைக் கண்டுபோட்டு, "அண்ணை, உதைப்பற்றி ஒரு பத்து நிமிசம் கதையுங்கோவன்" என்று சொல்லிப்போட்டார். ஆகையால் பிழை இருந்தால் அவரைப் பிடியுங்கோ.

இந்தச் சப்பாத்துப் பெட்டிக்குள்ளே இருக்கிறது என்ரை அம்மா.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. ஒன்பது அங்குல உயரம். உள்ளுக்கு அலுமினியக் கம்பி, அதுக்கு மேலே பஞ்சு, அதுக்கு மேலே என்ரை மனைவி தைச்ச சேலை. தலை களிமண். களிமண் என்றால் எங்கட குளத்துக் களி இல்லை, கடையிலே விக்கிற, அடுப்பிலே சுட்டால் இறுகிற களி. பாண் சுடுகிற அவணுக்குள்ளே மாமியின்ரை தலையை வைச்சுச் சுடுகிறதைப் பார்த்த என்ரை மனைவி, "உங்களுக்கு விசர் பிடிச்சுப்போச்சு" என்று சொன்னவ. அவ சொன்னதிலே பெரிய பிழை இல்லை.

ஸ்ரொப் மோசன் என்று இதைச் சொல்லுவினம். பொம்மையை ஒரு நிலையில் வைச்சு ஒரு படம் எடுக்கவேணும். பிறகு ஒரு நெல்லளவு அசைச்சு இன்னொரு படம். பிறகும் ஒரு நெல்லளவு. இப்படி எடுத்த படங்களை வரிசையாய் ஓடவிட்டால் பொம்மை தானாக நடக்கிறமாதிரித் தெரியும். சினிமாவிலே ஒரு செக்கனுக்கு 24 படம். எங்களைப்போல ஆக்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் காட்டி, 12 படத்தோடை சமாளிக்கலாம். அப்ப ஒரு நிமிடத்துக்கு 720 படம். நூல் கட்டி ஆட்டுகிற பொம்மலாட்டம் அல்ல இது. பொம்மலாட்டத்திலே கை அசைய அசைய பொம்மை அசையும், சனம் அப்பவே பார்க்கும். இதிலே பொம்மை ஒருபோதும் அசையிறதில்லை. படத்துக்கும் படத்துக்கும் இடையிலேதான் எல்லாம் நடக்குது.

எனக்கு இதைப் பழக்கினது என்ரை பேத்தி. பத்து வயது. முதுகு வருத்தத்தாலே நான் வேலையை விட்ட பிறகு, பள்ளிக்கூடம் முடிய அவளைப் பார்க்கிறது என்ரை பொறுப்பு. அவள் பிரெஞ்சிலே கதைப்பாள், நான் தமிழிலே கதைப்பேன், இடையிலே இங்கிலிஷ் வந்து விலக்குப் பிடிக்கும். ஒருநாள் தன்ரை லெகோப் பொம்மைகளை வைச்சு ரெலிபோனிலே இப்படிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலே போய் நின்றேன். "அம்மப்பா, நீங்கள் மூச்சு விடேக்கை மேசை ஆடுது" என்றாள். அதுதான் எனக்குக் கிடைச்ச முதல் பாடம்.

மொன்றியலிலே இருந்துகொண்டு இதைப் படிக்கத் தொடங்கினதாலே ஒரு விஷயம் பிந்தித்தான் எனக்கு விளங்கினது. இந்தக் கலைக்கு உலகத்திலே பெயர்பெற்ற வீடுகளிலே ஒன்று எங்கட ஊரிலேயே இருக்குது. கனடாவின் தேசியத் திரைப்படச் சபை, பிரெஞ்சிலே ஓ.என்.எப். என்று சொல்லுவினம். 1939இல் தொடங்கினது. 1956இல் ஒட்டாவாவிலிருந்து மொன்றியலுக்கு, சென் லோறன் பக்கம் கோத்-து-லியெஸ் வீதிக்கு வந்தது. சென் லோறனிலே எங்கட ஆக்கள் எத்தனை பேர் பக்ரறிகளிலே நின்றிருக்கிறியள்! நானும் பதினொரு வருஷம் அந்தப் பாதையாலே விடிய ஐந்தரைக்கு பஸ்ஸிலே போனவன். அந்தக் கட்டிடத்தைப் பார்த்து ஏதோ வரிக் கந்தோர் என்றுதான் நினைச்சேன். உள்ளுக்கு மனிசர் இருந்து பொம்மையை நெல்லளவு நெல்லளவாய் அசைச்சுக்கொண்டிருக்கினம் என்று ஆர் கண்டது? 2019இலே அவை நகரத்துக்குள்ளே, பிளாஸ்-தெ-ஸார் மெற்றோவுக்குப் பக்கத்திலே புதுக் கட்டிடத்துக்கு மாறிவிட்டினம். அவையின் படங்களிலே கனக்க இணையத்திலே காசில்லாமல் பார்க்கலாம். நான் இப்ப சொல்லப்போகிறதுகளையும் அப்படித்தான் பார்த்தனான்.

நோர்மன் மக்லரன் என்று ஒருவர், ஸ்கொட்லாந்திலே பிறந்தவர். 1952இலே "அயலவர்கள்" என்று எட்டு நிமிடப் படம் ஒன்று செய்தார். பொம்மைக்குப் பதிலாய் உயிருள்ள மனிசரையே ஒவ்வொரு படமாய் அசைச்சு எடுத்தது. இரண்டு அயல்வீட்டுக்காரர், நடுவிலே ஒரு பூ முளைக்குது. பூ ஆருடைய காணிக்குள்ளே நிக்குது என்று தகராறு. வேலி போடுகினம். வேலிக் கட்டையாலேயே அடிபடுகினம். கடைசியிலே இரண்டு பேரும் செத்துப்போகினம். மக்லரன் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் போனவராம், யாழ்ப்பாணம் போனதாய் எங்கும் எழுதியிருக்கேல்லை. ஆனால் எங்கட கதியால் சண்டையையும் எல்லை வழக்குகளையும் பக்கத்திலே நின்று பார்த்தவர் மாதிரித்தான் எடுத்திருக்கிறார். அதுக்கு ஒஸ்கார் கிடைச்சது.

அடுத்தது கோ ஹூடெமான். ஒல்லாந்துக்காரர். 1965இலே கனடாவுக்கு வந்து திரைப்படச் சபையிலே வேலைக்குச் சேர்ந்தவர். அவர் 1977இலே செய்த "மணல் கோட்டை"யிலே, மணலுக்குள்ளிருந்து ஒரு மணல் மனிசன் எழும்புகிறார். எழும்பி மணலாலேயே விசித்திரமான பிராணிகளை உருவாக்குகிறார். எல்லாரும் சேர்ந்து ஒரு கோட்டை கட்டுகினம், கட்டி முடிச்சுக் கொண்டாடுகினம். காற்று வருகுது. நான் மிச்சம் சொல்லேல்லை. இங்கே இருக்கிறவைக்கு மிச்சம் சொல்லத் தேவையும் இல்லை.

அதே வருஷம் அதே சபையிலே இஷு பட்டேல் என்ற குஜராத்திக்காரர், அகமதாபாத்திலே படிச்சு வந்தவர், சின்னச் சின்ன மணிகளை ஆயிரக்கணக்கிலே பரப்பி, அசைச்சு அசைச்சு ஒரு படம் எடுத்தார். எங்கட பெண்பிள்ளைகள் கோர்க்கிற பாசிமணி மாதிரி மணிதான். அந்த மணிகளே பிராணியாய் மாறி, ஒன்றை ஒன்று விழுங்கி, கடைசியிலே மனிசனுடைய யுத்தத்திலே போய் நிக்குது. 1978 ஒஸ்காருக்கு அந்தப் படமும் மணல் கோட்டையும் ஒரே பட்டியலிலே நின்றன. மணல் வென்றது. ஒரே ஊர், ஒரே கட்டிடம்! நான் பஸ்ஸிலே நித்திரை.

புலம்பெயர்ந்த ஆள் ஒருவரைப் பற்றியும் சொல்லவேணும். லடிஸ்லாஸ் ஸ்ராரெவிச். போலந்துக் குடும்பத்தவர், லித்துவேனியாவிலே நூதனசாலை ஒன்றிலே வேலை செய்தவர். வண்டுகள் சண்டை பிடிக்கிறதைப் படம் எடுக்க ஆசைப்பட்டார். விளக்கைப் போட்டால் வண்டு அசையாமல் கிடந்துவிடும். செத்த வண்டின் காலைக் கழற்றி, கம்பியும் மெழுகும் வைச்சு ஒட்டி, ஒவ்வொரு படமாய் எடுத்தார். பார்த்த சனம் வண்டுக்கு வித்தை பழக்கியிருக்கினம் என்று நம்பினதாம். ருசியப் புரட்சிக்குப் பிறகு குடும்பத்தோடை பிரான்சுக்கு ஓடிப்போய், பாரிசுக்குப் பக்கத்திலே வீட்டிலேயே வைச்சுக் கடைசிவரை செய்தார். பெரிய ஸ்ரூடியோ இல்லை. உதவிக்கு நின்றது மகள். எனக்குப் பேத்தி நிக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்ளுகிறது அந்தத் துணிச்சலிலேதான்.

சரி, என்ரை கதைக்கு வாறன்.

நான் 1987இலே மிறபெல் விமான நிலையத்திலே வந்து இறங்கினவன். வயது இருபத்தி நாலு. அம்மாவை அதுக்குப் பிறகு காணேல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அம்மாவும் அக்காவும் கொடிகாமத்துக்குப் போச்சினம். அல்பம், பெட்டகம், எல்லாம் வீட்டோடை போச்சுது. அடுத்த மாசிமாதம் அம்மா செத்துப்போனா. எனக்குக் கடிதம் வந்தது மூன்று கிழமை கழிச்சு. அன்றைக்கும் பின்னேர வேலைக்குப் போனனான். போகாமல் வீட்டிலே இருந்து என்ன செய்கிறது என்று தெரியேல்லை.

அம்மாவின்ரை படம் என்று இருக்கிறது ஒன்றே ஒன்று. அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைப் பெருப்பிச்சுத்தான் சாமியறையிலே வைச்சிருக்கிறம். அந்தப் படத்தைக் காட்டிப் பேத்தி ஒருநாள் கேட்டாள்: "இவ எப்படி நடப்பா?" பிள்ளைகள் இப்ப ஆருடைய படத்தைப் பார்த்தாலும் அது அசையும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள். ரெலிபோனிலே தொட்டால் அசையுதுதானே. நான் எழும்பி நடந்து காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். "அது அம்மப்பா நடக்கிறது" என்றாள். அப்பதான் பொம்மை செய்கிற எண்ணம் வந்தது.

முதல் பொம்மையைப் பற்றி விரிவாய்ச் சொல்ல வெட்கமாயிருக்குது. டொலர் கடையிலே வாங்கின பூக்கட்டுகிற கம்பி. நாற்பது தரம் மடக்க, கணுக்காலிலே முறிஞ்சுபோச்சுது. உருக்குக் கம்பி எடுத்தால் அது வளைச்ச இடத்திலே நில்லாமல் திரும்பித் திரும்பி வந்தது. மெல்லிய அலுமினியக் கம்பி மூன்றைச் சேர்த்து முறுக்கினால்தான் சொன்ன சொல்லுக் கேட்கும். எலும்பு இருக்கிற இடத்திலே, அதாவது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவிலே, கம்பி வளையாதபடி இறுக்கிச் சுற்றவேணும். இல்லாவிட்டால் கை இறப்பர்க் குழாய் மாதிரி வளையும். காலுக்குள்ளே காந்தம் வைச்சு, மேசையிலே தகரம் போட்டால் பொம்மை ஒற்றைக் காலிலே நிக்கும். ஒற்றைக் காலிலே நிக்காத பொம்மை நடக்காது. நடக்கிறது என்றால் பெரும்பாலான நேரம் ஒற்றைக் காலிலே நிக்கிறதுதானே, அறுபது வருஷமாய் நடந்தும் இதை நான் யோசிச்சதில்லை.

முதல்நாள் இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டு எடுத்தது மூன்று செக்கன். ஓடவிட்டுப் பார்த்தால் அம்மாவுக்குப் பேய் பிடிச்சமாதிரி இருந்தது. வெளிச்சம் மின்னி மின்னி எரியுது, ஏனென்றால் யன்னலுக்கு வெளியே முகில் வாறதும் போறதுமாய் இருந்தது. சேலை கொதிக்கிற கஞ்சி மாதிரித் துடிக்குது, ஏனென்றால் ஒவ்வொரு தரமும் என்ரை விரல் அதிலே படுகுது. என்ரை வெள்ளைச் சேட்டின் வெளிச்சம் அம்மாவின்ரை முகத்திலே அடிக்குது. இதுகளுக்கு மருந்து இருக்குது. யன்னலுக்குக் கறுப்புத் துணி. எனக்கும் கறுப்புச் சேட். ரெலிபோனிலே வெளிச்சத்தையும் தெளிவையும் அது தன்பாட்டிலே மாற்றாதபடி பூட்டிவிடவேணும். சேலைக் கரைக்குள்ளே மயிர் மாதிரிக் கம்பி ஓட்டி, தண்ணி கலந்த பசை பூசிக் காயவிட்டால் மடிப்பு மடிப்பாய் நிக்கும். சேலைக்குள்ளே கம்பி ஓட்டினது என்ரை மனைவி. விசர் என்று சொன்னவதான்.

முற்றத்து மணலுக்கு வறுத்த ரவையும் கோப்பித்தூளும். உண்மையான மணல் இந்த உயரத்து மனிசிக்குக் கல்லு மாதிரித் தெரியும். ரவை சரியாய் இருந்தது. ஈர்க்கு விளக்குமாற்றுக்குப் பழைய பிறஷ் ஒன்றின் மயிர்.

ஏன் முற்றம் கூட்டுகிறதை எடுத்தேன் என்றால், அம்மாவை நினைச்சால் எனக்கு முதலிலே வாறது அந்தச் சத்தம். விடிய நாங்கள் பாயிலே கிடக்கேக்கை, சர்ர்... சர்ர்... என்று கேட்கும். ஒரு வீச்சுக்கு எட்டுப் படம் எடுக்கவேணும் என்று கணக்குப் பார்த்தேன். எட்டையும் சம இடைவெளியிலே எடுத்தால் மெசின் கூட்டுகிறமாதிரி இருக்கும். தொடக்கத்திலே இரண்டு படம் மயிரிழை அசைவு, நடுவிலே நாலு படம் பெரிய அசைவு, கடைசியிலே இரண்டு திரும்பவும் மயிரிழை. அப்படி எடுத்த அன்றைக்குத்தான், எனக்கே முதுகு குளிர்ந்தது. அது ஆரோ மனிசி கூட்டுகிறதாய் இருந்தது.

ஆரோ மனிசி. அம்மா இல்லை.

என்ன குறை என்று பிடிபடேல்லை. வவுனியாவிலே இருக்கிற அக்காவுக்கு அந்த எட்டுச் செக்கனை அனுப்பினேன். அவ பார்த்துப்போட்டு உடனே ரெலிபோன் எடுத்தா.

"தம்பி, உதார்?"

"அம்மா."

"அம்மா உப்பிடியே கூட்டுறவ? அம்மா இடக்கையாலை எல்லோ கூட்டுறவ."

எனக்குக் கோபம் வந்திட்டுது. வலக்கையாலே கூட்டுவா, இடக்கையை முதுகுக்குப் பின்னாலே நாரியிலே வைச்சிருப்பா. என்ரை கண்ணுக்குள்ளே நிக்குது. நான் பொய்யே சொல்லுறன்? இரண்டு பேரும் அரைமணித்தியாலம் சண்டை பிடிச்சம். அக்காவுக்கு எழுபது வயது, எனக்கு அறுபத்திரண்டு. கடைசியிலே அவ தான் சொன்னா: "நீ போன பிறகு, தொண்ணூற்றி ஒன்றிலை, அம்மா கிணத்தடியிலை வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிஞ்சது. வடிவாய்ப் பொருந்தேல்லை. அதுக்குப் பிறகு எல்லாம் இடக்கைதான். உனக்கு எழுதேல்லை, நீ யோசிப்பாய் எண்டு அம்மா எழுத விடேல்லை."

நான் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. அக்காவும் கதைக்கேல்லை. பிறகு அவ கேட்டா: "அப்ப நான் பார்த்த அம்மாவை ஆர் எடுக்கிறது?"

இங்கே இருக்கிற உங்களிலே கனபேருக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விட்டுவந்த நாளோடை எங்கட தாய் தகப்பன் அப்படியே நிற்பாட்டின படம் மாதிரி நின்றுபோச்சினம். அவை அங்கே வயசு போய், விழுந்து, எழும்பி, கை மாற்றிக் கூட்டினது எங்களுக்குத் தெரியாது. போட்டோ இருந்தால் முகம் தெரியும். கடிதம் இருந்தால் சொல் தெரியும். கை எப்படிப் போனது என்றது ஒன்றிலும் இல்லை. பார்த்த ஆளின் தலைக்குள்ளேதான் இருக்குது, அதுவும் கேட்காட்டில் வெளியிலே வராது. பொம்மையைக் கையிலே வைச்சுக்கொண்டு, அடுத்த படத்துக்கு இந்த விரல் எங்கே போகவேணும் என்று நிக்கேக்கைதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்று தெரிஞ்சது. தண்ணிக்குடத்தை எந்தப் பக்க இடுப்பிலே வைப்பா? குனியேக்கை முழங்கால் மடிப்பாவா, இல்லையா? படியிலே முதல் எந்தக் கால்? ஒவ்வொன்றுக்கும் அக்காவுக்கு ரெலிபோன். என்ரை வாழ்க்கையிலே அக்காவோடை இவ்வளவு நான் கதைச்சதில்லை.

அதுக்கிடையிலே இன்னொன்று நடந்தது. ரொறன்ரோவிலே இருக்கிற சித்தப்பாவின்ரை மகள், நான் இப்படி ஒரு வேலை செய்கிறேன் என்று கேள்விப்பட்டு, "அண்ணா, என்ரை கலியாணக் கசற்றிலை பெரியம்மா ஒரு இடத்திலை வாறா" என்றாள். 1989இலே யாழ்ப்பாணத்திலே நடந்த கலியாணம். மாப்பிள்ளை இங்கே. உண்மையான கலியாணம்தான் என்று இமிகிறேசனுக்குக் காட்டுகிறதுக்காகவே வீடியோ எடுத்து, கசற்றைக் கையோடை கொண்டுவந்தவள். முப்பத்தைந்து வருஷம் அலுமாரிக்கு மேலே கிடந்தது.

அம்மா விதவை. உங்களுக்குத் தெரியும், எங்கட வழக்கம். மணவறைப் பக்கம் வரமாட்டா. குசினிக்குள்ளேயே நின்றிருக்கிறா. கமெராக்காரன் விறாந்தைப் பக்கம் திருப்பேக்கை, பின்னாலே குசினியிலிருந்து ஒரு தட்டத்தோடை வெளியிலே வாறா. ஐந்து அடி வைக்கிறா. கமெராவைக் காண்கிறா. நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. கமெரா திரும்பிப் போகுது. அவ்வளவுதான். நாலு செக்கன். எங்கட ஊர் வீடியோ செக்கனுக்கு 25 படம், அப்ப நூறு படம். அந்த நூறையும் ஒவ்வொன்றாய் நிற்பாட்டி நிற்பாட்டிப் பார்த்தேன்.

பார்த்தால், நான் செய்து வைச்சிருந்த பொம்மை கிழவி. ஒரு அடிக்குப் பத்துப் படம் குடுத்திருந்தேன், முக்கால் செக்கனுக்கும் கூட. கசற்றிலே வாறவ அரைச் செக்கனுக்கு ஒரு அடி வைக்கிறா. கெதி. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ஞ்ச நடை. அவவுக்கு அப்ப ஐம்பத்திரண்டு வயது. செத்தது ஐம்பத்தொன்பதிலே. எனக்கு அறுபத்திரண்டு என்று சொன்னேன்தானே. என்ரை அம்மா என்னைவிட இளம் ஆள். அம்மா என்றால் கூனிக் குனிஞ்சு மெல்ல நடக்கிறவ என்று நான் பிடிச்சுவைச்சிருந்தது, என்ரை முதுகையும் என்ரை காலையும் பார்த்துச் செய்தது. பேத்தி முதலே சொன்னதுதான், அது அம்மப்பா நடக்கிறது.

பொம்மையைப் பிரிச்சுத் திரும்பச் செய்தம். இப்ப பெட்டிக்குள்ளே இருக்கிறது மூன்றாவது அம்மா.

அக்காவின்ரை அம்மாவையும் எடுக்கத் தொடங்கியிருக்கிறம். இடக்கைக்காரி. அதை எடுக்கிறது நான் இல்லை, பேத்தி. நான் எடுத்தால் கை தன்பாட்டிலே வலப்பக்கம் போயிடும். ஞாயிறு காலையிலே வட்ஸப்பிலே அக்காவைப் பிடிச்சு மேசைக்கு முன்னாலே நிற்பாட்டிவைப்பம். வவுனியாவிலே அப்ப இரவாகிவிடும். அவ அங்கேயிருந்து டிறெக்சன் குடுக்கிறா: "அப்பிடியில்லைப் பிள்ளை, இன்னும் குனியவேணும். வலக்கை தொங்கப்படாது, நெஞ்சோடை அணைச்சு வைச்சிருப்பா. நோகும்தானே." பேத்திக்கு "அணைச்சு" விளங்கேல்லை. என்னைப் பார்த்தாள். அக்கா தானே செய்து காட்டினா. விளங்கிட்டுது.

பேத்திக்கும் எனக்கும் ஒரு நாள் "மடாம் ருட்லி-புட்லி" என்ற படத்தைப் பார்க்கக் கிடைச்சது. 2007இலே கிறிஸ் லவிஸ், மச்சியெக் ஷெர்பொவ்ஸ்கி என்ற இரண்டு மொன்றியல்காரர் திரைப்படச் சபைக்காகச் செய்த பொம்மைப் படம். ஒரு பெண், தன்ரை சாமான் சட்டு முழுக்கவும் மூட்டை கட்டிக்கொண்டு இராத்திரி ரெயினுக்கு நிக்கிறா. அவவின்ரை கண் பொம்மைக் கண் இல்லை. ஒரு நடிகையின் கண்ணைத் தனியாய் வீடியோ எடுத்து, கொம்பியூட்டரிலே ஒவ்வொரு படமாய்ப் பொம்மையின் முகத்திலே பொருத்தியிருக்கினம். பதினேழு நிமிடப் படம், ஒஸ்கார் பட்டியலுக்குப் போனது. என்ரை மனைவி குசினியிலிருந்து வந்து நின்றபடியே பார்த்தா. மூட்டைகளைக் கண்டவுடனே, "நாங்கள் வவுனியா ரெயினுக்கு நின்டமாதிரி" என்றா. பிறகு அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் முடியும்வரைக்கும் நின்றா.

எங்கட பொம்மைக்குக் கண் இரண்டு கடுகு. கூட்டேக்கை அம்மா கீழே பார்க்கிறபடியால் கடுகு போதும். ஆனால் கசற்றிலே அவ நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறா பாருங்கோ, அந்தப் பார்வை கடுகுக்கு வராது. ஒரு கொம்பியூட்டர் வித்தையும் எனக்குத் தெரியாது. கண்ணிமையை மெல்லிய களியிலே நாலு அளவிலே செய்து மாற்றி மாற்றி ஒட்டலாம் என்று பேத்தி சொல்லுறாள். அந்த இடத்தை இன்னும் எடுக்கேல்லை. இப்ப கைவசம் இருக்கிறது என்ரை அம்மா பதினொரு செக்கன், அக்காவின்ரை அம்மா ஐந்து செக்கன். வடைக்குப் பிறகு இந்தச் சுவரிலே போட்டுக் காட்டுகிறேன், வடை தின்று முடிக்கிறதுக்குள்ளே முடிஞ்சிடும்.

கடைசியாய் ஒரு வேண்டுகோள். உங்களிலே கனபேரின் வீட்டிலே ஊரிலிருந்து வந்த கலியாணக் கசற், சாமத்தியவீட்டுக் கசற், கோயில் திருவிழாக் கசற் கிடக்கும். "ஓடுதில்லை" என்று எறிஞ்சுபோடாதேங்கோ. அது பழுது இல்லை. ஊர்க் கசற் பால் என்ற முறையிலே பதிஞ்சது, கனடாவிலே விற்ற டெக்குகள் என்.ரி.எஸ்.சி. முறை. அதாலேதான் கோடு கோடாய்த் தெரியும். இரண்டு முறையும் ஓட்டுகிற டெக் ஒன்றை நான் பழஞ்சாமான் கடையிலே வாங்கி, தூசு தட்டி, சரிபார்த்து வைச்சிருக்கிறேன். ஆனால் நாடாவிலே வெள்ளையாய்ப் பூஞ்சணம் இருந்தால் டெக்கிலே போடவேண்டாம், டெக்கும் பழுதாகும், நாடாவும் அறும். அப்படியானதைத் தனியாய்ப் பையிலே போட்டுக் கொண்டுவாங்கோ. மணவறையைப் பார்க்காதேங்கோ, அதை எல்லாரும் பார்த்திட்டினம். பின்னாலே ஆர் போகினம், குசினி வாசலிலே ஆர் நிக்கினம் என்று பாருங்கோ.

தமிழ் வகுப்பு நடக்கிற சனிக்கிழமைகளிலே காலை பத்து மணியிலிருந்து பின் அறையிலே இருப்பேன். பொம்மை செய்யப் பழக விரும்புகிற பிள்ளைகளும் வரலாம், கம்பியும் களியும் இருக்குது. கறுப்புச் சேட் போட்டுக்கொண்டு வாங்கோ.